முதல் கீமோ: டே கேர் சிஸ்டரிடம் கேளுங்கள்

கீமோ டே கேரில், அதாவது புற்றுநோய் மருந்தை ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பும் பிரிவில், நர்ஸாக இருக்கிறேன். மருந்தை மாற்றலாமா, நிறுத்தலாமா என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மற்றதெல்லாம் இங்கே கேட்கலாம்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். திங்கட்கிழமை முதல் 'ஏசி' கீமோ. என்ன நடக்கும் சிஸ்டர்?

வெறும் வயிற்றோடு கூட்டி வராதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிடட்டும். ரத்த ரிப்போர்ட் பார்த்து, எடை, உயரம் அளந்துதான் மருந்து கலப்பார்கள். அதனால் காத்திருக்க வேண்டிவரும். முதலில் வாந்தியைத் தடுக்கும் ஊசியும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசியும் போடுவோம். டெக்ஸாவால் அன்றிரவு தூக்கம் வராமல் போகலாம். ஏசி என்பது இரண்டு கீமோ மருந்துகள். அப்புறம் அதிலிருக்கும் சிவப்பு மருந்து. அது ஏறும்போது ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே சொல்லச் சொல்லுங்கள். சிஸ்டருக்கு எதற்குத் தொந்தரவு என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தசை வெந்துவிடும். ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தமில்லை.

வாந்தி மாத்திரையைக் குமட்டல் வரட்டும் என்று காத்திராமல் எழுதிக் கொடுத்தபடி நேரத்துக்குக் கொடுங்கள். அந்த மாத்திரையால் மலச்சிக்கல் வரலாம். அதற்கும் டாக்டரிடம் மருந்து கேட்டு வாங்குங்கள்.

இன்றே ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். 100.4 காட்டினால் நடுராத்திரி என்றாலும் கேஷுவாலிட்டிதான். நீங்களாகப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள்.

முடி கொட்டுமா?

ஏசி என்றால் கொட்டும், இரண்டு மூன்று வாரத்தில். பிறகு வளரும்.

அப்பாவுக்கு ஆக்ஸாலிபிளாட்டின். ஃப்ரிட்ஜைத் தொட்டால் கையில் ஷாக் அடிக்கிறதாம்!

அந்தக் கீமோ மருந்தின் குணம் அது, குளிர் பட்டால் அப்படி இருக்கும். சில நாள் வெந்நீர், கையுறை. ஐஸ் வாட்டர் கூடவே கூடாது. மரத்துப்போவது அடுத்த கீமோ வரை நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிளேட்லெட் ஏற பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

வேண்டாம்.

என் மாமாவுக்குக் கொடுத்தோம், ஒரே வாரத்தில் ஏறியது. இங்கிலீஷ் மருந்துக்காரர்கள் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்!

எப்போது கொடுத்தீர்கள்? இரண்டாம் வாரக் கடைசியில் என்றால், இலை இல்லாமலே ஏறியிருக்கும். மூன்று வார இடைவெளி விடுவதே அதற்காகத்தான். பச்சை இலையை அரைத்துக் குடித்தால் அதிலிருக்கும் கிருமியும் சேர்ந்து உள்ளே போகும். எதிர்த்து நிற்க வெள்ளணு இல்லாத நேரம் அது. வெறும் வயிற்றில் குடித்து வாந்தியெடுத்து, குளுக்கோஸ் ஏற்ற வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டெங்குவுக்கு ஊரே குடிக்கிறதே?

டெங்கு காய்ச்சலும் கீமோவும் ஒன்றா ஐயா? சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். என்னிடம் அனுமதி கிடைக்காது.

மனைவிக்குக் கீமோ போட்டு ஒன்பது நாள். காலையில் 101. டோலோ போட்டதும் இறங்கிவிட்டது. நாளை ஓபிக்குப் போகலாமா?

இலைச் சண்டையில் உங்கள் கேள்வியைத் தாமதமாகப் பார்க்கிறேன். நாளை இல்லை, இப்போதே கிளம்புங்கள். மாத்திரை சூட்டை மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஃபைலை எடுத்துக்கொண்டு, கேஷுவாலிட்டியில் நுழைந்ததும் "கீமோ போட்டு ஒன்பது நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள்.

முடி கொட்டுமா சிஸ்டர்?

மேலே இருக்கிறது. எல்லா மருந்துக்கும் கொட்டாது. எந்த மருந்து என்று எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது?

காப்பீட்டு அட்டையில் சேருமா?

மருத்துவமனைக் காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள்.

பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?

தாராளமாக. பிள்ளைக்குச் சளி இருந்தால் மட்டும் வேண்டாம். மருந்து சிறுநீரிலும் போகும் என்பதால், முதல் இரண்டு நாள் பாட்டி போன கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.