கேளுங்கள், சொல்கிறோம்: ரெட்ரீவர் உலகம் மறக்காத வோல்ட்டர்ஸ்

கேள்வி: லாப்ரடார் வளர்ப்பவர்கள் கூடும் இடங்களில் ரிச்சர்ட் வோல்ட்டர்ஸ் என்ற அமெரிக்கரின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. சிலர் அவரை ஆசான் என்று கொண்டாடுகிறார்கள். சிலருக்கு அவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறது. அவர் யார்? இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவரைப் பற்றி இவ்வளவு பேச்சு ஏன்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ரெட்ரீவர் என்பது சுடப்பட்டு விழுந்த பறவையைத் தேடிப் பிடித்து, பல் பதியாமல் வாயில் கவ்வி வந்து, எசமானரின் கையில் ஒப்படைக்கும் வேலைக்கென்று உருவாக்கப்பட்ட நாய் வகை. வோல்ட்டர்ஸ் அந்த நாய்களைப் பழக்கி விற்ற தொழில்முறைப் பயிற்சியாளர் அல்லர். வேலை வெட்டி உள்ள சாதாரண மனிதர், தம் வீட்டில் வளரும் ஒரே நாயைத் தாமே பழக்கிக்கொள்ள முடியும் என்று நம்பி, அதைப் படிப்படியாகப் புகைப்படங்களோடு எழுதிக் காட்டியவர். 1964இல் வெளிவந்த 'வாட்டர் டாக்' என்ற அவருடைய நூல்தான் அமெரிக்காவில் ஒரு தலைமுறை வேட்டைக்காரர்களைத் தங்கள் நாயின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. அதுவரை நாயைப் பயிற்சிக்கூடத்தில் விட்டு, பணம் கட்டி, பழகிய பின் திரும்பப் பெறுவதே வசதி படைத்தவர்களின் வழக்கம். வசதி இல்லாதவர்களோ கண்ணில் பட்டதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அவர் மீதான மரியாதையும் கோபமும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை. மனத்தில் பட்டதைப் பூசி மெழுகாமல் சொல்வது அவர் இயல்பு. அந்த இயல்பு மிகுதியும் வெளிப்பட்டது, வேட்டை நாய்களின் திறமையை அளக்கும் களப்போட்டிகளைப் பற்றிய வாதத்தில். லாப்ரடார் சங்கம் 1931 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் என்னும் ஊரில் நடத்திய போட்டியே அந்நாட்டில் ரெட்ரீவர்களுக்கான முதல் களப்போட்டி. வேட்டையில் நாய் செய்யும் வேலையை அளப்பதற்காகத் தொடங்கிய அந்தப் போட்டி, ஒருவரே வெல்ல முடியும் என்ற விதியின் அழுத்தத்தில் ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டே போயிற்று. நல்ல நாய்கள் பெருகப் பெருக அவற்றைப் பிரித்தறிய நடுவர்கள் தூரத்தைக் கூட்டினார்கள். வேட்டைத் துப்பாக்கியின் குண்டுச் சிதறல் நன்றாகப் பாயும் எல்லை ஏறக்குறைய 40 கெஜம். போட்டியிலோ நாய் 300 கெஜத்துக்கும் அப்பால் ஓட வேண்டியிருந்தது. அவ்வளவு தொலைவிலிருந்து திரும்பிப் பார்க்கும் நாயின் கண்ணில் தெரிய வேண்டும் என்பதற்காக, நாயை ஏவி வழிநடத்தும் ஆட்டுபவர் வெள்ளை மேலங்கி அணிந்து நின்றார். வாத்து வேட்டைக்கு வெள்ளைச் சட்டையோடு யாராவது போவார்களா? நாணற்புதரில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் உண்மையான வேட்டைக்காரரின் நாய்க்கு இந்தப் போட்டி எதைச் சோதிக்கிறது? இந்தக் கேள்வியை வோல்ட்டர்ஸ் உரத்த குரலில் எழுப்பினார். போட்டிகளில் பணமும் பேரும் பெற்றிருந்தவர்களுக்கு அது எப்படிக் கசந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குறை சொன்னதோடு அவர் நின்றிருந்தால் இன்று யாருக்கும் நினைவிருக்காது. 1983இல் வட அமெரிக்க வேட்டை ரெட்ரீவர் சங்கம் உருவானபோது அதை நிறுவியவர்களுள் முன்னின்றவர் அவர். அங்கே நாயோடு நாயைப் பொருதவிடுவதில்லை. வேட்டைக்களத்தைப் போன்ற சூழலில், வகுத்து வைத்த தரத்தை எட்டிய நாய் எதுவானாலும் தேர்ச்சி பெறும். பத்து நாய்கள் தகுதி பெற்றால் பத்துக்கும் பட்டம் உண்டு. அடுத்த ஆண்டே லூசியானாவில் வேட்டைக்காரர்கள் ஹன்டிங் ரெட்ரீவர் கிளப் என்ற மற்றோர் அமைப்பைக் கண்டார்கள். 1985இல், களப்போட்டிகளுக்கு உரிமம் வழங்கிவந்த அமெரிக்கக் கென்னல் கிளப்பே தன் சொந்த வேட்டைத் தேர்வுகளைத் தொடங்கி, ஜூனியர், சீனியர், மாஸ்டர் என்று மூன்று படிகளை வைத்தது. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் வேறு பலர் உழைத்திருக்கிறார்கள். அமைப்புகளுக்கிடையே மனத்தாங்கலும் இருந்தது. ஆனால் கருங்கொடி பிடித்தது போல் முதலில் எழுந்த குரல்களுள் வோல்ட்டர்ஸின் குரலே உரத்தது என்பதை அவரோடு ஒத்துப்போகாதவர்களும் மறுப்பதில்லை.

களப்போட்டிக்காரர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். நாய் காணாத இடத்தில் விழுந்த பறவையை எடுத்துவர, ஆட்டுபவர் நின்ற இடத்திலிருந்தே வழிகாட்டும் கலையை உச்சத்துக்குக் கொண்டுசென்றவர்கள் அவர்களே. ஒற்றை விசில் ஒலி கேட்டதும் ஓடுகிற நாய் அந்த இடத்திலேயே திரும்பி உட்கார்ந்து முகம் பார்க்கும். வலக்கை பக்கவாட்டில் நீண்டால் அந்தப் பக்கம் பாயும். கை மேலே உயர்ந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு இன்னும் தொலைவு செல்லும். ஸ்காட்லாந்து மேய்ப்பர்கள் தங்கள் மேய்ச்சல் நாய்களை ஏவும் முறையைப் பார்த்து இதை அமெரிக்க ரெட்ரீவர்களுக்குக் கொண்டுவந்த பெருமை டேவ் எலியட் என்ற பயிற்சியாளரைச் சேரும் என்பார்கள். வோல்ட்டர்ஸ் இந்தத் திறமையைப் பழித்தார் என்று நினைப்பது தவறு. தம் நூலில் இதையே எளிய மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். திறமை எதற்காக என்பதில்தான் அவர் வழக்காடினார். அந்த வழக்கில் நியாயம் அவர் பக்கமே இருந்தது என்பது என் துணிபு.

தரையில் நாயோடு நடந்த இந்த மனிதருக்கு வானத்தின் மீதும் தீராத ஆசை. கிளைடர் விமானம் பற்றியும் நூல் எழுதியிருக்கிறார். 1993இல் இலகுரக விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியதில் உயிரிழந்தார்.

கேள்வி: குட்டியைச் சரியாக 49ஆம் நாளில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வோல்ட்டர்ஸ் சொன்னாராமே! ஒரு நாள் தவறினாலும் குட்டி கெட்டுவிடுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: கெடாது, அம்மா. ஆனால் அந்த எண் வந்த வழியை அறிந்துகொள்வது நல்லது. மெயின் மாநிலத்தின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, ஏறக்குறைய மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையான காலத்தில் மனிதரோடும் பிற நாய்களோடும் ஏற்படும் பழக்கமே குட்டியின் வாழ்நாள் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று கண்டார்கள். நாய்க்கு ஆறு மாதமோ ஒரு வயதோ ஆகும்வரை பயிற்சியைத் தொடக்கூடாது என்று பழைய பயிற்சியாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஆய்வைக் கையில் எடுத்து, ஏழு வாரக் குட்டிக்கே பாடம் தொடங்கலாம் என்று வோல்ட்டர்ஸ் வாதாடினார். காலம் அவர் பக்கம் நின்றது. இன்று சிறு வயதுப் பழக்கத்தின் தேவையை மறுப்பவர் எவரும் இல்லை. ஆனால் ஆய்வு காட்டியது ஒரு பருவத்தை. அதை ஒற்றை நாளாகச் சுருக்கியது அவருடைய அழுத்தம் திருத்தமான எழுத்து.

நம் நாட்டிலோ நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. ஆகவே எட்டாம் வாரம் வரை தாயிடம் விட்டுவிடுங்கள். வளர்ப்பவரின் வீட்டில் குட்டி நாள்தோறும் மனிதர் கையில் தூக்கப்பட்டு வளர்கிறதா என்பதை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். தடுப்பூசித் தொடர் முடிவதற்குள் தெருநாய்கள் உலவும் இடத்தில் குட்டியை இறக்கிவிட வேண்டாம். குட்டிகளின் உயிரைப் பறிக்கும் தொற்றான பார்வோ நோய் இரக்கம் காட்டாது.

கேள்வி: அவருடைய நூலில் தவறு செய்யும் நாயை அடிக்கச் சொல்லும் பகுதிகள் இருக்கின்றன. அவரைப் பெரியவர் என்று எப்படி மதிப்பது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மதிக்கலாம், அந்தப் பகுதிகளைப் பின்பற்றக் கூடாது. அவர் காலத்துப் பயிற்சியாளர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள், அவரும் செய்தார் என்பது விளக்கமே தவிர, சமாதானம் ஆகாது. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, பரிசு கொடுத்துப் பழக்கும் முறையே எல்லா நாய்களுக்கும் ஏற்றது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. அடிபட்ட நாய் கட்டளையைக் கற்றுக்கொள்வதைவிட அடித்த கையை விலகி நிற்கவே விரைவில் கற்றுக்கொள்கிறது. கைக்கு வந்து பொருளைக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நாய்க்கு இதைவிடப் பெரிய கேடு ஏது? பிறருடைய வழக்கங்களை அச்சமின்றிக் கேள்வி கேட்டவரின் வழக்கத்தை நாம் கேள்வி கேட்பது அவருக்கு அவமரியாதை ஆகாது.

கேள்வி: வேட்டையே குற்றமான நம் நாட்டில் இந்தப் பயிற்சியால் என்ன பயன்? எங்கள் வீட்டு லாப்ரடார் நாள் முழுதும் சோபாவைக் கடிக்கிறான்.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் பறவையைச் சுட்டு நாயை எடுத்துவரச் செய்வதற்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் எடுத்துவரும் ஆசை உங்கள் நாயின் ரத்தத்தில் இருக்கிறது. வேலை கொடுக்காவிட்டால் அது சோபாவில்தான் இறங்கும். பறவைக்குப் பதிலாக நாய் எடுத்துவர, கேன்வாஸ் துணியில் செய்த டம்மி என்ற உருளை ஒன்று போதும். வீட்டு நடைபாதையின் கதவுகளை எல்லாம் சாத்திவிட்டு, டம்மியை ஒரு முனைக்கு உருட்டி, நாயை அனுப்புங்கள். கவ்விக்கொண்டு வேறெங்கும் ஓட வழியில்லாததால் உங்களிடமே வந்து சேருவான். வந்ததும் டம்மியைப் பிடுங்காமல் முதலில் மார்பைத் தடவிக் கொடுங்கள், பிறகு ஒரு துண்டு தின்பண்டத்தைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று முறை போதும்; அவன் இன்னும் ஆசையோடு இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். வெளியே பழக்குவதானால் வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும், ஏனெனில் குளிர்நாட்டு நீருக்காக அடர்ந்த அந்த மேல்முடி சென்னை வெயிலுக்கானதன்று. வலசைப் பறவைகள் இறங்கும் ஏரிக்கும் சதுப்புநிலத்துக்கும் மட்டும் அவனை அழைத்துச் செல்லாதீர்கள்.