வலி மட்டும் பாடாது

அன்புள்ள சார்,

பாடகி அரீதா ஃபிராங்க்ளின் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து 1960-களின் அமெரிக்க சோல் (சர்ச் பாட்டின் சாயலுள்ள கறுப்பின இசை) பாட்டுகளாகத் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வரிகள் பாதி புரியவில்லை, ஆனாலும் தொண்டை அடைக்கிறது. கறுப்பின மக்கள் பட்ட வேதனை அந்தக் குரல்களில் இறங்கியிருப்பதுதான் காரணம் என்று தோன்றுகிறது. என் மகனோ, மெம்ஃபிஸ் பாட்டுதான் அசல், டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனிப் பாட்டெல்லாம் ஃபாக்டரி சரக்கு என்கிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செந்தில், திருச்சி

அன்புள்ள செந்தில்,

வேதனை இருக்கிறது, யார் இல்லை என்றார்கள். ஆனால் அதையே முழுக் காரணமாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், அந்தப் பாடகர்களின் தொழில்திறமை அதில் காணாமல் போய்விடுகிறது. கஷ்டப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், எல்லோரும் அரீதா ஆகிவிடவில்லையே. டெட்ராய்ட்டில் அப்பா பிரசங்கம் செய்த சர்ச்சில் சின்ன வயதிலேயே பாடத் தொடங்கியவர் அவர். ஓர் அடி பாடினால் கூட்டம் பதில் சொல்லும், அந்தப் பதிலைக் கேட்டுத்தான் அடுத்த அடியை ஏற்றுவதா இறக்குவதா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டும். இதற்கு வருஷக்கணக்கில் பழக்கம் வேண்டும்.

கொலம்பியா ரெக்கார்டு கம்பெனி 1960-இல் அவரை எடுத்து, ஆறு வருஷம் மெருகான பாட்டுகளாகப் பாடவைத்தும் பெரிய வெற்றி கிடைக்கவில்லை. 1967 ஜனவரியில் அட்லாண்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரை அலபாமாவில் மசில் ஷோல்ஸ் என்ற சின்ன ஊருக்கு அழைத்துப்போய்ப் பியானோ முன்னால் உட்காரவைத்தார். வாசிக்க வந்தவர்கள் வெள்ளைக்காரப் பையன்கள். கொஞ்ச நேரம் பாட்டு யாருக்கும் பிடிபடவில்லை, அப்புறம் அவர்களில் ஒருவரான ஸ்பூனர் ஓல்டம் எலக்ட்ரிக் பியானோவில் ஒரு துணுக்கை உருட்டிப் பார்க்க, மற்றவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி குடி, தகராறு என்று ரெக்கார்டிங்கே நின்றுபோனது தனிக்கதை. முழுசாகத் தேறியது ஒரே ஒரு பாட்டு, அவர் தலையெழுத்தை மாற்ற அதுவே போதுமாக இருந்தது.

மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோ ஒரு பழைய சினிமா தியேட்டரில் நடந்தது. நாற்காலிகளைப் பிடுங்கினார்களே தவிர சரிவான தரையைச் சமன்படுத்தவில்லை. 1965-இல் அங்கே பாடகர் வில்சன் பிக்கெட் 'இன் தி மிட்நைட் ஹவர்' பாட வந்தபோது, அப்போது பிரபலமாக இருந்த ஜெர்க் நடனத்தை வெக்ஸ்லர் ஆடியே காட்டி, தாளத்தின் இரண்டாம் அடி இப்படி விழ வேண்டும் என்றார். டிரம்மர் அல் ஜாக்சனும் கிதார் ஸ்டீவ் க்ராப்பரும் இரண்டாவது, நான்காவது அடிகளை ஒரு மயிரிழை தாமதமாக வைத்தார்கள். உங்கள் உடம்பு அடியை எதிர்பார்க்கிறது, அது வரவில்லை, இதோ வந்துவிட்டது. நீங்கள் சொல்லும் தொண்டை அடைப்பில் பாதி அந்த மயிரிழைதான் என்பேன். (அந்தப் பாட்டை எழுதியது லொரெய்ன் மோட்டலில். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார மெம்ஃபிஸில் இருந்த சில இடங்களில் ஒன்று. மூன்று வருஷம் கழித்து மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டதும் அங்கேதான்.)

வரி புரியாததைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒரு காரியம் செய்யுங்கள். 'ரெஸ்பெக்ட்' பாட்டை முதலில் ஓட்டிஸ் ரெட்டிங் குரலில் கேளுங்கள், 1965, அவரே எழுதியது. வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வருகிறேன், வீட்டில் கொஞ்சம் மரியாதை கொடு என்று ஒரு ஆண் கெஞ்சிக் குதிக்கிறார். உடனே அரீதாவின் 1967 பதிவைப் போடுங்கள். கேட்பது இப்போது பெண், அதுவும் கெஞ்சாமல். தங்கச்சி கேரலினும் அக்கா எர்மாவும் பின்னாலிருந்து விடாமல் பதில் கொடுக்கிறார்கள், சர்ச் அப்படியே ஸ்டுடியோவுக்குள் வந்துவிட்டது. வாத்தியங்கள் நிற்க, ரெஸ்பெக்ட் என்ற சொல்லை எழுத்துக்கூட்டி மரியாதை கேட்கும் இடம் ஓட்டிஸ் பாட்டில் கிடையாது. வேதனை இரண்டு பேருக்கும் பொது, அந்த இடத்தை யோசித்தது அரீதாவின் மூளை.

சரி, உங்கள் மகன் விஷயம். ஃபாக்டரி என்பது ஒரு வகையில் நிஜம்தான். 1959-இல் குடும்பத்திடம் 800 டாலர் கடன் வாங்கி மோட்டவுனைத் தொடங்கிய பெர்ரி கோர்டி கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், வேலையைப் பிரித்துக்கொடுப்பதை அங்கிருந்துதான் எடுத்துவந்தார். ஆனால் அந்த ஃபாக்டரியில் பாஸ் கிதார் (கீழ்ச்சுருதி கிதார்) வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். ஒற்றை ஆள்காட்டி விரலால் மீட்டியவர், பல வருஷம் ரெக்கார்டு உறையில் அவர் பெயர்கூடக் கிடையாது. 1966-இல் ஃபோர் டாப்ஸ் பாடிய 'ரீச் அவுட், ஐ'ல் பி தேர்' பாட்டை எடுத்து, பாடகரை மறந்துவிட்டு அந்த பாஸை மட்டும் ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் சரக்கு என்றால் எனக்கு உங்கள் மகனையே எழுதச் சொல்லுங்கள், சண்டை போட நான் தயார்.