35 வயதுக்கு மேல் கர்ப்பம்: எந்தப் பரிசோதனை, எந்த வாரத்தில்?

கேள்வி: வயது 39, பன்னிரண்டு வாரம். டபுள் மார்க்கர் இரத்தப் பரிசோதனையில் டவுன் சிண்ட்ரோமுக்கு (21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது) 1:150, 'ஹை ரிஸ்க்' என்று வந்திருக்கிறது. குழந்தைக்குக் குறை இருக்கிறதா?

பதில்: அந்த எண் அப்படிச் சொல்லவில்லை. இதே எண் வரும் 150 தாய்மார்களில் 149 பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது. கணக்கு உங்கள் வயதிலிருந்துதான் தொடங்குகிறது: 25 வயதில் சுமார் 1250-ல் ஒன்று, 35-ல் 350-ல் ஒன்று, 40-ல் 100-ல் ஒன்று. என்.டி. அளவும் (ஸ்கேனில் குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் தெரியும் நீரின் தடிமன்) டபுள் மார்க்கரில் பார்க்கும் இரத்தப் பொருள்களும் அதை ஏற்றும், இறக்கும். முதலில் ரிப்போர்ட்டில் பிறந்த தேதி, எடை சரியா என்று பாருங்கள். ஸ்கேனில் குழந்தையின் நீளம் 45 முதல் 84 மி.மீ.க்குள் இருந்திருக்க வேண்டும். தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால் தானம் தந்தவரின் வயதைப் போட வேண்டும். உங்கள் வயதைப் போட்டிருந்தால் அந்த எண்ணே செல்லாது.

கேள்வி: வயது 40. டபுள் மார்க்கரை விட்டுவிட்டு நேராக என்.ஐ.பி.டி. (தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் குழந்தைப் பக்க டி.என்.ஏ.வைப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், 10 வாரம் முடிந்ததும். டவுன் சிண்ட்ரோமில் 99 சதவீதம் வரை பிடிக்கிறது, பொய்யான பாசிட்டிவ் ஆயிரத்தில் ஒன்று போல. உங்கள் வயதில் 10,000 பேரை எடுத்துக்கொண்டால் 100 குழந்தைகளுக்குப் பாதிப்பு இருக்கும், 99 பிடிபடும், பத்துப் பேருக்குத் தவறாக பாசிட்டிவ் வரும். ஆகவே பாசிட்டிவ் வந்தால் பத்தில் ஒன்பது உண்மை. 25 வயதில் அதே பாசிட்டிவ் பாதிக்குப் பாதிதான். ஆனால் என்.டி. ஸ்கேனை மட்டும் விடாதீர்கள். அளவு 3.5 மி.மீ. அல்லது மேல் என்றால் என்.ஐ.பி.டி.யோடு நிற்பது சரியல்ல. நஞ்சு (பிளசென்டா) திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துப் பார்க்கும் நேரடிப் பரிசோதனையும், அதில் குரோமோசோமின் சிறு குறைகளையும் காட்டும் மைக்ரோஅரேயும், பிறகு குழந்தையின் இதய ஸ்கேனும் வேண்டும்.

கேள்வி: என்.ஐ.பி.டி. பாசிட்டிவ். சி.வி.எஸ்.ஸா (நஞ்சுத் திசுவை எடுப்பது), ஆம்னியோவா (பனிக்குட நீரை எடுப்பது)?

பதில்: ஸ்கேன் சரியாக இருந்தால் ஆம்னியோவுக்குக் காத்திருங்கள் என்பேன். என்.ஐ.பி.டி. பார்ப்பது நஞ்சிலிருந்து வரும் டி.என்.ஏ.வை. சி.வி.எஸ்.ஸிலும் எடுப்பது நஞ்சுத் திசுவையே. நஞ்சில் மட்டும் கோளாறு இருந்து குழந்தை நன்றாக இருந்தால் இரண்டுமே ஏமாற்றிவிடும். ஸ்கேனிலேயே குறை தெரிந்தால் 11 வாரத்துக்குப் பிறகு சி.வி.எஸ். செய்து சீக்கிரம் விடை பெறலாம். ஆம்னியோ 15 வாரம் முடிந்த பிறகுதான். முன்னதாகச் செய்தால் பாதம் வளைவது, நீர் கசிவது கூடுகிறது. ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் 15–20 மி.லி. நீர் எடுப்பார்கள். முதல் முடிவு இரண்டு மூன்று நாளில், முழு குரோமோசோம் முடிவு ஏறக்குறைய இரண்டு வாரத்தில். பழகிய கையில் கூடுதல் கருச்சிதைவு வாய்ப்பு 200-ல் ஒன்றுக்கும் கீழ். பிறகு நீர்க்கசிவு, காய்ச்சல், இரத்தப்போக்கு இருந்தால் உடனே போங்கள். உங்கள் இரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி.

கேள்வி: என்.ஐ.பி.டி.யில் 'முடிவு இல்லை' என்று வந்தது. மறுபடி இரத்தம் கொடுத்தால் போதுமா?

பதில்: குழந்தைப் பக்க டி.என்.ஏ. போதாததால் இப்படி வரும். பெரும்பாலும் 4 சதவீதத்துக்குக் கீழே என்றால் முடிவு தரமாட்டார்கள். சீக்கிரம் எடுத்ததோ தாயின் எடை கூடுதலோ காரணமாக இருக்கலாம். ஆனால் டிரைசோமி 18, 13 (அந்த எண் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது) இருந்து நஞ்சு சிறியதாக இருந்தாலும் இதே விடைதான். ஆகவே விரிவான ஸ்கேனைச் செய்துவிட்டு மறு இரத்தம் கொடுங்கள். இரண்டாம் முறையும் முடிவில்லை என்றால் ஆம்னியோ பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: என்.ஐ.பி.டி. லோ ரிஸ்க். அனாமலி ஸ்கேன் (குழந்தையின் உறுப்புகளைப் பார்ப்பது) தேவையா?

பதில்: தேவை, 18–22 வாரத்தில். இதயம், முதுகுத்தண்டு, சிறுநீரகத்தின் குறைகள் என்.ஐ.பி.டி.யில் தெரியாது.