முட்டையைத் தின்றது யார்? சிக்லிட் குஞ்சு வளர்ப்பு: கேள்வி பதில்

பதினாறு ஆண்டுகளாக மொட்டை மாடிக் கொட்டகையில் சிக்லிட் வளர்ப்பவன் என்பதுதான் எனக்கு உள்ள ஒரே தகுதி. ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர், கான்விக்ட், மலாவி ஏரி மீன்கள் எல்லாம் சிக்லிட் குடும்பம். மீன் சந்தையில் கிலோக் கணக்கில் விற்கும் ஜிலேபிக் கெண்டையும் இந்த வகையறாதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தாம்பரம்: மூன்றடித் தொட்டியில் ஒரு ஜோடி ஏஞ்சல், எட்டு டெட்ரா, ஒரு சக்கர் மீன் இருக்கின்றன. ஏஞ்சல் பில்டர் குழாயில் முட்டையிட்டது. மாலையில் இருந்த முட்டைகள் விடிந்தபோது இல்லை. இரண்டு முறையும் இப்படியே. யார் தின்றிருப்பார்கள் ஐயா?

சந்தேகம் இரண்டு பேர் மேல். சக்கர் மீன் இரவில்தான் நடமாடும். விளக்கை அணைத்தபின் ஏஞ்சலால் காவல் காக்க முடியாது. அடுத்த முறை தொட்டிக்கு அருகில் ஒரு மங்கலான விளக்கை விடிய விடிய எரியவிடுங்கள். முட்டை தப்பித்தால் குற்றவாளி சக்கர் மீன். தப்பவில்லை என்றால் பெற்றோரே தின்கிறார்கள். இளம் ஜோடிகள் முதல் சில முறை இப்படித்தான் செய்யும். சுற்றிலும் டெட்ரா மொய்த்துக்கொண்டே இருந்தாலும், காப்பாற்ற முடியாது என்று முடிவுகட்டியது போல விழுங்கிவிடும்.

குஞ்சு வேண்டுமென்றால் குழாயோடு முட்டையை எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் தொட்டியில் வையுங்கள். காற்றுக்கல்லை முட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள், நேர் கீழே வேண்டாம். வெளிர்நீலம் வரும் அளவுக்கு, பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் ப்ளூ மருந்து சில சொட்டுகள் போதும். அதைப் பெரிய தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், பில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா செத்துவிடும். 28 டிகிரியில் இரண்டு, மூன்று நாளில் பொரிக்கும். அதன்பின் நான்கைந்து நாள் குஞ்சுகள் ஒட்டிய இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவே அப்போது அவற்றின் சாப்பாடு. நீந்தத் தொடங்கும் வரை எதையும் போடாதீர்கள். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் பாசம் மிகுந்து குஞ்சைக் கொல்கிறார்கள்.

முட்டை எல்லாமே இரண்டாம் நாள் வெளுத்துவிட்டால் அது கருவுறாத முட்டை. இரண்டு பெண் ஏஞ்சல்களும் ஜோடி சேர்ந்து முட்டையிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கோவை: பல வகை மீன்கள் இருக்கும் தொட்டியில் கான்விக்ட் ஜோடி மண்சட்டிக்குள் குஞ்சு பொரித்துவிட்டது. நூறு இருக்கும். மற்ற மீன்கள் எல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன. குஞ்சுகளைப் பிரித்துவிடலாமா அண்ணா?

பிரிக்க வேண்டியது குஞ்சுகளை அல்ல, மற்ற மீன்களை. மூலையில் கிடப்பவற்றின் துடுப்புகளைப் பாருங்கள், கிழிந்திருக்கும். இன்னும் இரண்டு நாள் விட்டால் ஒன்றிரண்டு மிதக்கும்.

மத்திய அமெரிக்காவின் ஓடைகளில் கற்களுக்கு நடுவே குடும்பம் நடத்தும் மீன் இது. வேலைப் பங்கீடு அதன் இரத்தத்தில் இருக்கிறது. வயிற்றில் ஆரஞ்சு நிறம் பூசியது போல் இருப்பது பெண். அது குஞ்சோடே இருக்கும். பெரிய ஆண் எல்லையைச் சுற்றிவரும். ஒருநாள் மாலை விளக்கை அணைக்கும் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். கூட்டத்தை விட்டு விலகிய ஒரு குஞ்சைத் தாய் வாயில் கவ்வும். தின்றுவிட்டது என்று உங்களுக்குப் பகீரென்று இருக்கும். நேராகச் சட்டியின் வாய்க்கு வந்து, ‘பூ’ என்று ஊதுவது போலத் துப்பும். மறுபடி போய் இன்னொன்று. இன்னொரு வேடிக்கையும் உண்டு: தாய் மணலில் படுத்துத் துடுப்பை வேகமாக அடிக்கும். கலங்கி எழும் தூசியில் உள்ள நுண்ணுயிர்களைக் குஞ்சுகள் ஓடிவந்து கொத்தும். இந்த வேலையை நீங்களும் நானும் பைப்பெட் வைத்துக்கொண்டு செய்ய முடியாது.

வேறு தொட்டியே இல்லையென்றால் நடுவில் கண்ணாடித் தடுப்பு வையுங்கள். துளையுள்ள பிளாஸ்டிக் தடுப்பு என்றால் குஞ்சுகள் அந்தப் பக்கம் போய் இரையாகும். கண்ணாடி வைத்தால் இரு பக்கமும் தனித்தனி ஸ்பாஞ்ச் பில்டர் வேண்டும். தாய் அடுத்த முட்டைக்குத் தயாராகும்போது பழைய குஞ்சுகளைத் துரத்தத் தொடங்கும். அவற்றைப் பிரிக்க வேண்டிய நாள் அதுதான்.

மதுரை: நீந்தத் தொடங்கிய குஞ்சுகளுக்கு முட்டை மஞ்சள் கரு கொடுக்கலாம் என்கிறார்கள். சரியா?

கொடுக்கலாம், கொடுத்தால் துணிவுள்ளவர். என் முதல் ஏஞ்சல் குஞ்சுகளுக்கு அவித்த மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து ஊற்றினேன். தொட்டி பால் போல ஆனது. மறுநாள் காலையில் அத்தனையும் அடியில் கிடந்தன. மீதிக் கரு அழுகி அமோனியா ஏறியதுதான் காரணம் என்று புரியச் சில மாதங்கள் ஆயின.

ஆர்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறாலைப் பொரிக்கப் பழகுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து வைத்து, 25 கிராம் கல் உப்பு கரைத்த தண்ணீர் ஊற்றி, அரைத் தேக்கரண்டி ஆர்டீமியா முட்டை போட்டு, காற்றுக் குழாயை மூடிவரை விடுங்கள். பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். நம் ஊர் வெப்பத்துக்கு 24 மணி நேரம் போதும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்தால் கூடுகள் மேலே மிதக்கும். உயிருள்ளவை கீழே ஆரஞ்சுப் படலமாக இறங்கும். கீழே உள்ளதை மட்டும் மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். கூடு கலந்தால் குஞ்சின் குடல் அடைத்துக்கொள்ளும்.

ஐந்து நிமிடம் கழித்துக் குஞ்சுகளின் வயிற்றைப் பாருங்கள். கண்ணாடி போன்ற உடலில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு தெரிந்தால் சாப்பிட்டுவிட்டது. பொட்டு இல்லாதவைதான் மறுநாள் சாகும். ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம்.

பினாங்கு: டிஸ்கஸ் குஞ்சுகளையும் இப்படித் தனியாக எடுத்து வளர்க்கலாமா?

வேண்டாம். டிஸ்கஸ் குஞ்சுக்குப் பெற்றோரின் தோலில் ஊறும் வழவழப்பான சளிதான் முதல் உணவு. நீந்தத் தொடங்கியதும் அப்பா, அம்மா முதுகில் போய் ஒட்டிக்கொண்டு கொத்தும். ஒருவர் சலித்துப்போனால் உடலைச் சட்டென்று உதறிக் கூட்டத்தை மற்றவரிடம் தள்ளிவிடுவார். நான்கைந்து நாளில் ஆர்டீமியாவும் சேருங்கள். சுமார் இரண்டு வாரம் கழித்துப் பிரிக்கலாம். டிஸ்கஸ் இனப்பெருக்கத்துக்குப் பெயர்போன ஊரிலிருந்து என்னிடம் கேட்கிறீர்கள், பக்கத்துத் தெருவிலேயே என்னைவிடத் தெரிந்தவர் இருப்பார்.

சென்னை: கொளத்தூரில் வாங்கிய எல்லோ லேப் மீன்களில் ஒன்று பத்து நாளாகச் சாப்பிடவில்லை. தாடை வீங்கியிருக்கிறது. மருந்து போடட்டுமா ஐயா?

மருந்துப் புட்டியைக் கீழே வையுங்கள், அது பிள்ளைத்தாய்ச்சி. மலாவி ஏரி மீன்களில் பெரும்பாலானவை முட்டையை வாயிலேயே அடைகாக்கும். நம் ஊர்க் குளத்து ஜிலேபியும் அப்படித்தான். ஏறத்தாழ மூன்று வாரம் தாய் பட்டினி. வாய் அசை போடுவது போல அசைந்துகொண்டே இருக்கும், முட்டையைப் புரட்டிவிடுகிறது.

பொதுத் தொட்டியிலேயே துப்பினால் கற்குவியலின் இடுக்குகளில் ஒளியும் இரண்டு மூன்று தேறும். அதுவே போதும் என்பது என் கட்சி. எல்லாம் வேண்டுமென்றால் பதினெட்டாம் நாள் வாக்கில் இரவில், விளக்கை அணைத்தபின், தாயை மெதுவாகத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். பகலில் துரத்திப் பிடித்தால் பயத்தில் துப்பிவிடும். குஞ்சு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும், பொடித்த உணவையே தின்னும். தாயை உடனே திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டுத் தேறட்டும். மெலிந்த மீனை மற்றவை உருட்டி எடுத்துவிடும்.

திருச்சி: குஞ்சுத் தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர் மாற்றுவது? பில்டர் குஞ்சுகளை இழுத்துவிடுகிறதே?

தினமும் ஐந்தில் ஒரு பங்கு. மாற்றும் தண்ணீர் தொட்டியின் சூட்டிலேயே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் காற்றோட்டத்தில் வையுங்கள், அவசரத்துக்கு, குளோரினை நீக்கும் ஹைப்போ உப்பு போடுங்கள். பில்டர் உறிஞ்சும் வாயில் பழைய நைலான் காலுறையைக் கட்டிவிடுங்கள்.

ஈரோடு: இரண்டு மாதத்தில் அறுபது கான்விக்ட் குஞ்சுகள். கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார். என் கணவர் ஏரியில் விட்டுவிடலாம் என்கிறார்.

ஏரியில் மட்டும் வேண்டாம் அம்மா, அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். 1952-இல் மொசாம்பிக் ஜிலேபியை உணவுக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத குளத்தைத் தேட வேண்டியிருக்கிறது. குஞ்சைக் காக்கத் தெரிந்த மீனைத் திருப்பிப் பிடிக்க முடியாது.

கான்விக்ட் விற்காது. இதை முதல் முட்டையைப் பார்த்த அன்றே யோசித்திருக்க வேண்டும். நான் மூன்றாவது முறைதான் யோசித்தேன், அதனால் உங்களைத் திட்ட எனக்கு உரிமையில்லை. பெரிய ஆஸ்கர் வைத்திருப்பவர் யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள், மனம் ஒப்பினால். இல்லையென்றால் பத்தை வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பள்ளிக்கூடத்துத் தொட்டி, தெரிந்தவர் வீட்டுத் தொட்டி என்று பிரித்துக் கொடுங்கள். இனிப் பொரிப்பவற்றைப் பொதுத் தொட்டியிலேயே விட்டுவிடுங்கள், தேறுவது தேறட்டும்.

மண்சட்டியை எடுத்துவிட்டால் முட்டையிடாது என்று நினைக்காதீர்கள். ஹீட்டருக்கு அடியில் இடம் கண்டுபிடிக்கும். பெண் மீனை வேறு தொட்டிக்கு மாற்றுவதுதான் வழி.