ஸ்டெரிலைசரின் சேடில் அருகே சிவப்பு வந்தால் தகட்டைத் தடிமனாக்க வேண்டுமா?

தம்பி, செம்பனை எண்ணெய் ஆலையில் பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் உருளைக் கலன்தான் ஸ்டெரிலைசர். அதைக் கீழிருந்து தாங்கும் சேடில் (வளைந்த தாங்கி) அருகே கணினிப் படத்தில் சிவப்பு வந்ததால், தகட்டைத் தடிமனாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கு இது: 12 மீட்டர் நீளம், 2.1 மீட்டர் விட்டம், 14 மில்லிமீட்டர் தகடு. 3 பார் நீராவி, 140 பாகை வெப்பம். கணினிப் படத்தில் உடலெங்கும் சுமார் 22 மெகாபாஸ்கல் தகைவு (உலோகத்துக்குள் ஒவ்வொரு பரப்பளவுக்கும் எழும் விசை), இரண்டு சேடில்களை ஒட்டி மட்டும் 240. அனுமதித்த அளவோ 138.

தகட்டைத் தொடாதீர்கள். அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிமனின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள்: 22.5 வரும். படமும் அதையே சொல்கிறது. நீராவியைத் தாங்க இந்தத் தகடு தாராளம். அப்படியானால் 240 எங்கிருந்து வந்தது?

மாதிரியில் இரண்டு சேடில்களையும் அசையாமல் கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 30 பாகையிலிருந்து 140க்குச் சூடேறும்போது 12 மீட்டர் எஃகு ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் நீளும். அதை முழுவதும் தடுத்தால் 260 மெகாபாஸ்கல் வரை தகைவு எழும். அந்தக் கணக்கில் தடிமனுக்கு இடமே இல்லை; தகட்டைக் கூட்டினால் அடித்தளப் போல்ட்டுகளின் சுமைதான் ஏறும். அழுத்தத்தை மட்டும் வைத்து ஒரு முறை, வெப்பத்தை மட்டும் வைத்து ஒரு முறை ஓட்டுங்கள், உடனே தெரிந்துவிடும்.

அழுத்தம் தரும் தகைவு முதன்மையானது. எஃகு இளகினாலும் (நிரந்தரமாகச் சற்று நீண்டுவிட்டாலும்) அது குறையாது. தடுக்கப்பட்ட வெப்ப விரிவு அப்படியல்ல, சற்று இளகியதும் தணிந்துவிடும். அதனால்தான் ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதித்தொகுப்பின் எட்டாம் பிரிவு, இரண்டாம் பகுதி, இவ்விரண்டும் சேர்ந்த தகைவின் ஏற்ற இறக்க வீச்சை அனுமதித்த அளவின் மூன்று மடங்கு வரை ஏற்கிறது. பற்றவைப்பின் விளிம்பில் தெரியும் ஒற்றைப் புள்ளி எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். மாதிரியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையைச் சிறிதாக்கச் சிறிதாக்க அது ஏறிக்கொண்டே போகலாம். தகட்டின் தடிமன் குறுக்கே, சராசரித் தகைவு, வளைவுத் தகைவு என்று பிரித்து வாசியுங்கள்.

ஆனால் 240ஐப் பொய் என்று ஒதுக்கவும் என்னால் முடியவில்லை. மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் நான் வேலை செய்த ஆலையில், வரைபடத்தின்படி நகர வேண்டிய சேடில் நகரவில்லை. சேடில் சறுக்குவதற்காகப் போல்ட்டுக்கு விட்டிருந்த நீள்துளைகளில் எண்ணெய்க் கசடும் துருவும் இறுகிக் கிடந்தன. யாரோ போல்ட்டையும் முறுக்கிவிட்டு மேலே சாயம் அடித்திருந்தார்கள். ஒரு வேக்காட்டுக்கு ஒன்றரை மணி நேரம். நாளைக்குப் பத்து என்றாலும் 300 நாளில் 3000 முறை அந்த உடல் நீளப் பார்த்து முட்டி நிற்கிறது. பற்றவைப்பில் மயிரிழை விரிசல் வந்தது. மேலே தகடு வைத்துப் பற்றவைத்தார்கள், பக்கத்திலேயே மறுபடியும் வந்தது. துளைகளைச் சுரண்டி, போல்ட்டைத் தளர்த்தி, விரிசலைத் தோண்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்த பிறகுதான் நின்றது. அந்த ஆலையில் ஸ்டெரிலைசர் கதவருகே நின்றவர்களில் பாதிப் பேர் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துக்காரர்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆலைக்குள் போக அனுமதி கிடைத்தால், கலன் ஆறியிருக்கும்போது நகரும் சேடிலின் ஓரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். சூடேறிய பின் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். மாதிரியில் எந்தச் சேடிலை விடுவிப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.