நௌலாவும் எங்கள் ஊர்க் கேணியும்

கேள்வி: கங்கையும் யமுனையும் பிறக்கிற இமயமலையில் குடிதண்ணீருக்குக் குடத்தோடு நடக்கும் கிராமங்கள் இருக்கின்றனவாம். வருசம் முழுக்க ஓடும் ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை எப்படி நம்புவது?
(வாசகி, சாவகச்சேரி)

பதில்: நம்பித்தான் ஆக வேண்டும் தங்கச்சி. ஆறு ஓடுவது பள்ளத்தாக்கின் அடியில், வீடும் வயலும் மேலே சரிவில். முற்றத்தில் நின்றால் ஆறு தெரியும், ஆனால் குடம் எட்டாது. அந்த மலைச் சனத்தில் கனபேர் குடிப்பது ஊற்றுத் தண்ணீர்தான். மழை மலைக்குள் இறங்கி, பாறை வெடிப்புகளுக்குள்ளால் மெல்ல ஊர்ந்து, ஏதோ ஒரு சரிவில் கசிவது. எங்கள் மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் நிற்கிறதே, அதே கதைதான். என்ன, அங்கே நிலம் சரிந்து கிடப்பதால் தோண்டாமலே வெளியே வந்துவிடுகிறது.

உத்தராகண்டின் குமாவூன் பக்கம் இந்தக் கசிவைப் பிடிக்க நௌலா கட்டினார்கள். எங்கள் கோயில் கேணியைச் சின்னதாக்கி, மூன்று பக்கம் சுவர் எழுப்பி, மேலே கல்லால் கூரை போட்டால் நௌலா. உள்ளே படிகள் கீழே போகப் போக ஒடுங்கும். அடியில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்து பூசமாட்டார்கள், அந்த இடுக்கால்தான் தண்ணீர் வர வேண்டும். பிறகு 'திருத்துகிறோம்' என்று வந்தவர்கள் சீமெந்தைப் பூச, ஊற்றின் வாயே அடைபட்டு வற்றிப்போன நௌலாக்கள் உண்டு! புதுப்பெண் புகுந்த வீட்டுக்கு வந்ததும் ஊர் ஊற்றைக் கும்பிடுகிற வழக்கமும் அங்கே இருக்கிறது.

கேள்வி: வற்றிய ஊற்றைத் திரும்ப ஓட வைக்கலாமா? (அதே வாசகி)

பதில்: இமயமலைப் பகுதி ஊற்றுகளில் ஏறக்குறைய பாதி வற்றியோ குறைந்தோ போகின்றன என்று இந்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2018இல் சொன்னது, ஆகவே இது சும்மா கேள்வி அல்ல. ஓட வைக்கலாம், ஆனால் ஊற்றடியில் கிண்டிப் பிரயோசனமில்லை. மழை எங்கே உள்ளே இறங்குகிறதோ அங்கே போக வேண்டும், பாறை அடுக்குகள் சாய்ந்திருக்கும் திசையைப் பொறுத்து அது மலையின் மற்றப் பக்கமாகவும் இருக்கலாம். சிக்கிமில் 2008இல் தொடங்கிய 'தாரா விகாஸ்' திட்டத்தில் இதைத்தான் செய்தார்கள்: மேட்டுச் சரிவுக்குக் குறுக்கே அகழியும் குழியும் வெட்டி, ஓடிப்போகிற மழையை மறித்து நிலத்துக்குள் இறக்கினார்கள், கூலி இந்திய அரசின் நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து. உத்தராகண்டின் பௌரி மாவட்டத்து உஃப்ரைங்காலில் சச்சிதானந்த பாரதி என்ற ஆசிரியர் அதற்கு முன்பே ஊர்ப் பெண்களோடு மரம் நட்டு, சின்னச் சின்னக் குழிகள் வெட்டி, வற்றிக்கிடந்த ஓடையை ஓட வைத்தவர்.

எங்கள் பக்கம் மலையும் இல்லை, தேடித் திரியவும் தேவையில்லை. வளவிலும் குளத்திலும் விழுகிற மழைதான் கிணற்றுக்குப் போகிறது. அது குறையக் குறைய, நாங்கள் மோட்டர் போட்டு இறைக்க இறைக்க, அடியிலிருந்து உப்புத் தண்ணீர் மேலே ஏறும்.

இதை எழுதிக்கொண்டிருக்க, பின்னால் நின்று வாசித்த மனைவி சொன்னாள்: "போன வருசம் எங்கட முத்தம் முழுக்கச் சீமெந்துக் கல் பதிச்சது ஆரெண்டும் எழுதுங்கோவன்." நான்தான்.