ஸ்போர்ட்ஸ் காரில் ஐரோப்பாப் பயணம்: களவு போகாமல் காரைக் காப்பது எப்படி?

கோடையில் லண்டனிலிருந்து பிரான்ஸ் ஊடாகப் பார்சிலோனா வரை போர்ஷே 718 கேமனில் போகிறோம், வீட்டில் கராஜ் இருப்பதால் இதுவரை பயமில்லை, வழியில் ஹோட்டல்களில் தங்கும் இரவுகளுக்கு என்ன கருவி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கருவி வாங்க முதல் தங்குமிடத்தைப் பாருங்கள். கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது. நானும் மனைவியும் எங்கள் மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் பிரான்ஸ் பக்கம் அடிக்கடி போய் வருகிறோம். முதலில் பூட்டிய கராஜைத் தேடிப் பிடிப்போம். எந்த ஊரில் படுப்பது என்பதை அதற்குப் பிறகுதான் தீர்மானிப்போம்.

காரணம் இருக்கிறது. வீட்டில் நிற்கும் காரைக் கள்ளன் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஹோட்டல் முற்றத்தில் நிற்கும் தாழ்ந்த கார், அதுவும் பிரித்தானிய இலக்கத் தகட்டோடு, எல்லாத் தகவலையும் தானே சொல்லிவிடுகிறது. உரிமையாளர் மாடியில் தூங்குகிறார், திறப்பு அவர் கட்டில் பக்கத்தில் இருக்கிறது, விடியும்வரை அவர் வரமாட்டார், இந்த ஊரில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

முன்பதிவுத் தளங்களில் "இலவச பார்க்கிங்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் திறந்த வெளிதான். அதை நம்பாமல் ஹோட்டலுக்கே தொலைபேசி எடுங்கள். கூரை உண்டா, இரவில் கதவு பூட்டப்படுமா, இடத்தைப் பெயரில் ஒதுக்கித் தருவார்களா, இறங்கும் சரிவு எவ்வளவு செங்குத்து என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி உங்கள் காருக்கு மிக முக்கியம். ஸ்பெயினின் பழைய நகர்ப் பகுதிகளில் ஹோட்டல் கராஜ்கள் சில மிக ஒடுக்கம். சரிவு முடியும் இடத்தில் முன் பம்பரின் கீழ் விளிம்பு நிலத்தில் உரசும்.

ஹோட்டலில் இடம் இல்லையென்றால் நகரத்தின் நிலத்தடிப் பொதுத் தரிப்பிடங்கள் நல்லவை. பிரான்சின் லியோன் நகரில் செலஸ்தான் சதுக்கத்துக்குக் கீழே 1994இல் திறந்த தரிப்பிடம் ஒன்று உண்டு. நடுவே கிணறுபோல இறங்கும் சுருள் பாதை, அடியில் பிரெஞ்சுக் கலைஞர் டானியல் பூரன் அமைத்த சுழலும் கண்ணாடி. மேலே சதுக்கத்தில் நிற்கும் பெரிஸ்கோப் வழியாக அதை எட்டிப் பார்க்கலாம். காரை விடப் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தையும் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். இப்படியான இடங்களில் ஆளில்லாத ஆகக் கீழ்த் தளத்துக்குப் போகாதீர்கள். பணியாளர் அறைக்கோ, ஆட்கள் வந்து போகும் வழிக்கோ பக்கத்தில், ஒரு புறம் தூண் இருக்கும்படி நிறுத்துங்கள். நிலத்தடியில் சிக்னல் போகாமல், கார் நிற்கும் இடத்தைக் காட்டும் உங்கள் ட்ராக்கர் மௌனமாகிவிடலாம். அதைக் கண்டு இரவில் பதறத் தேவையில்லை.

இனித் திறப்பு. உங்கள் கேமனில் திறப்பைச் செருகித் திருப்ப வேண்டுமா, அல்லது அது சட்டைப் பையில் கிடக்கவே காரைத் திறந்து கிளப்பலாமா என்று முதலில் பாருங்கள். அந்த மாடலில் இரண்டாவது வசதி மேலதிகக் காசு கொடுத்து வாங்குவது. எல்லாக் கார்களிலும் இல்லை. செருகும் திறப்பு என்றால் அடுத்து நான் சொல்லும் தொல்லை உங்களுக்குப் பெரிதாக இல்லை.

திறப்பு பையில் கிடக்கவே கார் திறக்கும் சாவியில்லா முறையில், கதவுக்குப் பக்கத்தில் ஆள் வந்ததும் கார் ஒரு தாழ் அதிர்வெண் சிக்னலை அனுப்பும். அது ஒன்றிரண்டு மீற்றருக்கு மேல் எட்டாது. அதைக் கேட்ட திறப்பு மறுமொழி சொல்லும், கதவு திறக்கும். கள்ளர் இருவராக வருவார்கள். ஒருவர் காருக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சிக்னலைப் பிடித்து அனுப்ப, மற்றவர் உங்கள் அறைச் சுவருக்கு வெளியே நின்று அதைத் திறப்புக்குக் கேட்க வைப்பார். கார் தன் சொந்தத் திறப்பு பக்கத்தில் இருப்பதாக நம்பிக் கிளம்பிவிடும். கண்ணாடி உடையாது, அலாரமும் அடிக்காது. உணவகத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருவர் பையோடு நின்றாலும் இதே வேலை நடக்கும்.

இதற்கு மருந்து மலிவு. சிக்னலை மறிக்கும் உலோக இழைப் பையில் திறப்பை வையுங்கள். மடித்து மடித்து எடுக்கையில் உள்ளே இழை அறுந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே வெளிக்கிட முதலும், பயணத்தின் நடுவிலும் சோதியுங்கள்: பையோடு காரருகே நின்று கைப்பிடியை இழுத்தால் திறக்கக் கூடாது. சில கார்களில் இந்த வசதியை மெனுவிலேயே நிறுத்தி வைக்கலாம். வேறு சில கார்களின் திறப்பு அசையாமல் கிடந்தால் தானே தூங்கிவிடும். ஃபோர்ட் 2019இல் ஃபியஸ்டாவுக்கும் ஃபோகஸுக்கும் இங்கே அப்படித்தான் கொண்டுவந்தது. உங்கள் காரின் கையேட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள். இரண்டாவது திறப்பை உங்களோடு வருபவர் தன் பையில் தனியாக வைத்திருக்கட்டும்.

ஆனால் பையோடு நின்றுவிட வேண்டாம். 2022இல் லண்டனில் இயன் தேபர் என்ற வாகன மின்னணுப் பாதுகாப்பு ஆய்வாளரின் ரொயோட்டா ராவ்4 களவு போனது. அதற்கு முன் சில தடவை பம்பர் இழுக்கப்பட்டு, முன்விளக்கின் வயர் கழற்றப்பட்டிருந்தது. யாரோ சும்மா சேதப்படுத்தினார்கள் என்றே முதலில் தோன்றியது. அவரும் கென் டிண்டெலும் ஆராய்ந்து 2023 ஏப்ரலில் வெளியிட்டபோதுதான் வழி தெரிந்தது: விளக்கின் வயர் ஊடாகக் காரின் உள் வலையமைப்புக்குள் புகுந்து, "திறப்பு சரி" என்று பொய்ச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கான கருவி புளூடூத் ஸ்பீக்கருக்குள் ஒளித்து விற்கப்பட்டது. இங்கே உங்கள் திறப்பு தேவையே இல்லை. பை ஒன்றும் செய்யாது. காலையில் வந்து பார்க்கையில் பம்பர் மூலையோ, சில்லுக்கு மேலுள்ள பிளாஸ்டிக்கோ, விளக்கோ தளர்ந்திருந்தால் அன்றே காரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பாதி வேலை முடித்தவர்கள் திரும்பி வருவார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது இந்த விஷயத்தில் கடுமையாக இருக்கிறார்கள். புதிய கார்களுக்கான இணையப் பாதுகாப்பு விதி 2024 ஜூலையில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, ஓரிரு ஆர்எஸ் வகைகளைத் தவிர, பெற்றோல் 718ஐயே அங்கே விற்பதை போர்ஷே நிறுத்தியது. பழைய மின்னணு அமைப்பை அந்த விதிக்கு ஏற்ப மாற்றுவது கட்டுப்படியாகவில்லை.

அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் இரும்பை நான் இன்னும் மதிக்கிறேன். ஸ்டியரிங் வளையம் முழுவதையும் மூடும் வட்டப் பூட்டு, குறுக்குத் தடியைவிட நல்லது. தடியைப் பூட்டினால், வளையத்தை ஓரிடத்தில் அறுத்துத் தடியை உருவிவிடலாம். வட்டப் பூட்டில் வளையமே கைக்கு அகப்படாது. பாரமானது, இடம் பிடிக்கும். கேமனின் இரண்டு சாமான் அறைகளிலும் பெட்டி நிறைந்தால் துணைவரின் காலடியில்தான் வைக்க வேண்டிவரும். ஒரு சோடிச் சப்பாத்தைக் குறைத்துக்கொண்டு பூட்டை எடுத்துப் போங்கள். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால், ஸ்டியரிங் பொத்தான்களில் இரகசிய எண் அழுத்தினால்தான் என்ஜின் கிளம்பும் வகை இம்மொபிலைசரைப் பொருத்துங்கள். திறப்பே கைமாறினாலும் அது தடுக்கும்.

ட்ராக்கர் விஷயத்தில் பிரித்தானியாவில் வாகனப் பாதுகாப்புக் கருவிகளைத் தரப்படுத்தும் தாட்சம் அமைப்பின் எஸ்7 தரம் காரைத் தேடிப் பிடிக்க மட்டும். எஸ்5 தரம், ட்ராக்கரோடு தரும் ஓட்டுநர் அடையாள அட்டை காருக்குள் இல்லாமல் அது நகர்ந்தால் எச்சரிக்கும், தூரத்திலிருந்தே மறுபடி கிளம்பாமல் தடுக்கவும் முடியும். அந்த அட்டையைத் திறப்போடு ஒரே வளையத்தில் கோர்த்தாலோ, காருக்குள் விட்டாலோ காசு வீண். சந்தாவில் ஐரோப்பா அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆப்பிளின் சிறு இருப்பிடக் காட்டியான ஏர்டேக் ஒன்றை ஒளித்து வைப்பதில் தவறில்லை, ஆனால் தெரியாத ஏர்டேக் கூடவே வருகிறது என்று அது கள்ளனின் போனுக்கே அறிவித்துவிடும். மேலதிகமாக வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பியிருக்க முடியாது.

ஃபெரியில் போனால் ஒன்றைக் கவனியுங்கள். கப்பல் ஆடுவதால் அலாரம் அடிக்கும். ஆகவே உட்புற உணரியையும் சரிவு உணரியையும் நிறுத்தச் சொல்வார்கள். இழுவை லொறியில் ஏற்றிக் கொண்டுபோகிறவர்களைப் பிடிப்பது அந்தச் சரிவு உணரிதான். கரை இறங்கியதும் அது திரும்ப வேலை செய்கிறதா என்று பாருங்கள். போர்ட்ஸ்மத்திலிருந்தோ பிளிமத்திலிருந்தோ வட ஸ்பெயினின் சாந்தாந்தேருக்கு இரவுக் கப்பல் எடுத்தால் பிரான்சில் தங்கும் இரவுகளே குறையும். அலைந்து திரிய விருப்பமில்லாதவர்களுக்கு அதுவும் ஒரு வழி.

பகல் ஆபத்து வேறு மாதிரி. ஸ்பெயினில் வெளிநாட்டுத் தகடுள்ள வண்டிகளைக் குறிவைக்கும் "நெடுஞ்சாலைக் கொள்ளையர்" பற்றிப் பிரித்தானிய வெளியுறவு அமைச்சே எச்சரிக்கிறது. லா ஹோங்கேரா எல்லை தாண்டி ஏபி-7 நெடுஞ்சாலையில் போகும்போது, யாராவது பக்கத்தில் வந்து ரயரைக் காட்டிச் சைகை செய்தால் ஓரத்தில் நிறுத்தாதீர்கள். கார் ஓடக்கூடிய நிலையில் இருக்கும்வரை ஆட்கள் நடமாடும் அடுத்த நிலையத்துக்குப் போய், திறப்பைக் கையில் எடுத்து, கதவுகளைப் பூட்டிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். நிலையங்களில் பூட்டும் சிக்னலை ஜாமர் வைத்து மறிப்பவர்களும் உண்டு. பொத்தானை அழுத்திவிட்டு நடக்காமல், கண்ணாடிகள் மடிகின்றனவா, விளக்கு மின்னுகிறதா என்று திரும்பிப் பாருங்கள்.

பிரித்தானியக் காரை வெளிநாட்டில் ஓட்டும்போது வி5சி பதிவுப் புத்தகம் கூட இருக்க வேண்டும். அதைக் காரின் கையுறைப் பெட்டியில் விடாதீர்கள்; கடவுச்சீட்டோடு உங்கள் பையில் வையுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் "இரவில் கராஜில்" என்ற நிபந்தனை இருந்தால் பயணத்துக்கும் அது பொருந்துமா என்று வெளிக்கிட முதலே கேளுங்கள். பெற்றோல் அடித்துவிட்டுக் காசு கட்டப் போகும் இரண்டு நிமிடம் திறப்பைக் காரில் விட்டு, அது களவு போனால் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு சதமும் தராது.

மீறிக் களவு போனால் 112ஐ அழையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதுதான் அவசர எண். ட்ராக்கர் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், போனில் தெரியும் இடத்தைத் தேடி நீங்களே போகாதீர்கள். ஸ்பெயினில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதியதும் தரும் பத்திரத்துக்குப் பெயர் தெனுன்சியா. அதன் பிரதி கைக்கு வராமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.